மடு: அடைக்கலம் தேடிய சுரூபம்

மடுவின் வரலாறு பெரும்பாலும் அற்புதங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை இடப்பெயர்வின் வரலாறாகவும் வாசிக்கலாம். 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1670 அளவில் மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின என்பது மரபு. சுரூபம் முதலில் அகதியானது. கோவில் பிறகுதான் வந்தது. (அதற்குச் சற்று முன்வரை, போர்த்துக்கேயரின் கீழ், இதே மதம் ஆள்பவர்களின் மதமாக இருந்தது என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை.)

மடு மண் பாம்பு விஷத்தை முறிக்கும் என்ற நம்பிக்கை காட்டு வாழ்வில் பிறந்தது. அம்மண்ணை எடுத்துச் சென்றவர்களில் சைவர்களும் சிங்களவர்களும் இருந்தனர். பகுத்தறிவு பேசும் எம்மில் எத்தனை பேரின் தாய்மார் அதில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார்கள் என்பதை அவரவரே அறிவர்.

1990இல் மீண்டும் யுத்தம் மூண்டபோது பல்லாயிரம் பேர் அந்த வளவுக்குள் கொட்டில் போட்டு வாழ்ந்தனர். மாதாவின் காலடியில் குண்டு விழாது என்பதே அவர்களின் கணக்கு. 1999 நவம்பர் 20இல் அந்தக் கணக்குப் பிழைத்தது. கோவிலுக்குள் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது ஷெல் விழுந்து 40 பேரளவில் மாண்டனர். இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. ஆனால், உயிர்தப்பியவர்கள் அதே கோவிலில்தான் மறுபடியும் முழந்தாளிட்டனர். இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அழுவதற்கு அவர்களுக்கு வேறு பொது இடம் எது இருந்தது?

2008 ஏப்ரலில் ஷெல்லடிக்கு நடுவே குருவானவர்கள் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். அது ஓகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. அவ்வழியே போன சனங்களோ முள்ளிவாய்க்கால்வரை ஓடவேண்டியிருந்தது.

கட்டாய ஆட்சேர்ப்புப் பற்றித் திருச்சபை போதியளவு உரத்துப் பேசவில்லை என்ற விமர்சனம் எம்மிடையே உண்டு; அது நியாயமானதே. எனினும் 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் அரசின் ஆணைக்குழு முன் செய்ததை அதனால் மறுத்துவிட முடியாது. 2008 ஒக்ரோபரில் வன்னியில் அரச அதிகாரிகள் பதிந்த சனத்தொகையிலிருந்து, யுத்த முடிவில் வெளியே வந்தோரின் தொகையைக் கழித்து, 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். செபமாலை உருட்டிய கை இப்போது கழித்தற் கணக்குப் போட்டது. நம்பிக்கை என்பதை அவர் அப்படி விளங்கிக்கொண்டிருந்தார் போலும். மதகுரு அரசியல் பேசுகிறார் என்று தெற்கில் சீறினார்கள்.

2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்து சென்றார். ஆயர் 2021 ஏப்ரலில் காலமானார். கேட்ட கேள்விக்கு அப்போதும் விடை வந்திருக்கவில்லை.