ஒரே வீடு, இரண்டு உரிமைகள்

மயிலாப்பூர் மாடவீதிகளின் பின்சந்துகளிலும் தி.நகர் ஒண்டுக்குடித்தனங்களிலும், எழுந்து நடக்க இயலாத மகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் தாயின் உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறியதில்லை. ‘பெற்றவள்தானே செய்கிறாள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த உழைப்புக்கு அரசு பணம் தர முன்வந்தால் ஒரு கேள்வி எழும்: தாய்க்குக் கொடுப்பதை மகளின் தொகையிலிருந்து கழித்துக்கொள்வார்களா?

இந்தக் கேள்விக்குப் பிரிட்டனில் ஒரு வரலாறு உண்டு. உடல்நலம் குன்றியவரைப் பராமரிப்போருக்கான உதவித்தொகை அங்கே 1976இல் தொடங்கியது. மணமான பெண்களுக்கு மட்டும் அது இல்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் எண்ணம். தாயைக் கவனிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்குத் தொடுத்தார். அந்த விலக்கு பாலினப் பாகுபாடு என்று 1986 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டே ஆண்டுகளில் இன்னொரு விதி வந்தது. தனித்து வாழும், வருமானம் குறைந்த, கடும் இயலாமை உள்ளவர்களுக்கு 1988இல் ஒரு கூடுதல் தொகை அறிமுகமானது. ஆனால் அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேறொருவர் பராமரிப்பாளர் தொகை பெற்றால், அந்தக் கூடுதல் தொகை நின்றுவிடும். வேறு வீட்டிலிருந்து வந்து தாயைக் கவனிக்கும் மகள் தன் உரிமையைக் கேட்டால், தாயின் கை சுருங்கும். எனவே கேட்காமலே இருந்துவிடுவதும் மகளின் ‘பாசம்’ ஆனது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு வழியில் போனது. அதன் 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் படி மாற்றுத்திறனாளியின் பெயரில் வருவது. தனக்கு உதவுபவரைத் தானே தேர்ந்துகொள்ள அது இடம் தருகிறது, அது நியாயம். ஆனால் வீட்டுப் பெண்ணே பார்த்துக்கொள்ளும்போது, அவள் பெயரில் ஒன்றும் இல்லை.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகை, மாதம் 1000 ரூபாயைப் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தியது. பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு அதைச் சொன்னது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறும் குடும்பங்களை முதலில் ஒதுக்கிய அதன் விதிகள், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் உள்ள குடும்பங்களுக்கு விலக்கு அளித்தன. மற்றத் தகுதிகள் இருந்தால், மகளுக்கு 2000 வந்த வீட்டில் தாய்க்கும் 1000 வர இடமிருந்தது. ஒன்று மற்றொன்றைத் தின்னவில்லை.

இரவு பகலாகப் பராமரிப்பவளுக்கு 1000 ரூபாய் கூலி ஆகாது. பராமரிப்புக்காக என்று தனியே தரப்பட்டதும் அல்ல. என்றாலும் அந்த விலக்கில் காக்க வேண்டிய ஒரு நெறி இருக்கிறது. ஓர் அடுப்பில் சமைத்து உண்பதால் தாயும் மகளும் ஒரே ஆள் ஆகிவிடுவதில்லை. நாளை பராமரிப்பாளர் ஊதியம் கேட்டு நாம் போராடும்போது, மகளின் தொகையில் கை வைக்காமல் அதைத் தரவேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுத வேண்டும்.