சந்தியில் ஊன்றிய கொம்பு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணற்பட்டியில் இருக்கிறது தேற்றாத்தீவு. அவ்வூர்ப் பிள்ளையாருக்குக் கொம்புச்சந்திப் பிள்ளையார் என்று பெயர். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று கொம்புமுறி விளையாடிய சந்தி என்பதே அப்பெயரின் பொருள். விளையாட்டு அருகிப் போயிற்று. இடம் அந்தப் பெயரை இன்னும் விடவில்லை. இதைப் பக்தியின் எச்சமாக மட்டும் பார்ப்பது போதாது. ஓர் ஊர் தன் பொது விளையாட்டுக்கு எந்த நிலத்தை ஒதுக்கியது, ஏன் அந்த நிலத்தை ஒதுக்கியது என்பதற்கு எழுத்தில் வராத ஒரு பதிவு அது. இன்று ஒரு பிரதேச சபையோ மாநகர சபையோ பொது மைதானத்தை எங்கே மாற்றுவது என்று கூடும்போது, முதலில் எழும் கேள்வி எங்கே காணி கிடைக்கும் என்பதே. கொம்புச்சந்தி நமக்குச் சொல்வது வேறு: முதற் கேள்வி இருபக்கத்தாரும் எங்கே சந்திக்க முடியும் என்பதாக இருக்க வேண்டும், காணிக் கேள்வி அதற்குப் பின்னால் வரவேண்டும்.

கொம்புமுறியின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். மழை பொய்த்தாலும் அம்மை நோய் பரவினாலும் கண்ணகியம்மனைக் குளிர்விக்க ஊர் எடுக்கும் சடங்கோடு சேர்ந்த விளையாட்டு அது. வைகாசிச் சடங்கும் குளிர்த்தியும் எந்த நம்பிக்கையில் நடக்கின்றனவோ, அதே நம்பிக்கைதான் இதற்கும் அடிப்படை. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிவார்கள். ஒரு சேரி கண்ணகியின் பக்கம், மற்றது கோவலனின் பக்கம். வைரம் பாய்ந்த இரண்டு வளைந்த மரக்கொம்புகள் ஒன்றோடொன்று கொளுவப்படும். ஒன்று நிலத்தில் ஊன்றிய பெருமரத்தோடு பிணைக்கப்படும். மற்றதில் வடம் கட்டி இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிந்ததோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர்கள் பாட்டெடுத்து எள்ளுவார்கள், தோற்றவர்கள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இழுபறியின் முடிவில் வெல்வது ஒரு சேரி, குளிர்வது அம்மன், மழை பெய்வதோ இரு சேரிக்கும். எதிரெதிராக நின்றவர்கள் ஒரே பயனைப் பங்கிடும் இப்படியொரு விளையாட்டு, ஒரு பக்கத்தாரின் வளவுக்குள் நடக்க முடியாது. அதற்கு இருவருக்கும் சொந்தமான, ஒருவருக்கும் தனிச்சொந்தம் ஆகாத நிலம் வேண்டும். சந்தி அத்தகைய நிலம்.

இந்த வழக்கம் மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று என்பது வாதத்தை இன்னும் உறுதியாக்குகிறது. கண்ணகியைப் பத்தினித் தெய்வமாக வழிபடும் சிங்கள ஊர்களில் ஆடப்பட்ட அங்கெலிய இதன் உடன்பிறப்பு. அங்கும் ஊர் இரண்டு அணியாகும், கொம்புகள் கொளுவப்படும், தோற்றவர் ஏளனம் கேட்பர். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இந்த விளையாட்டை விவரிக்கிறார். அம்மை நோயிலிருந்து காப்பதற்காக ஆடப்பட்டது என்கிறார். வென்றவர்களின் ஆட்டமும் பாட்டும் ஆபாசமாக இருந்தன என்றும், அரசன் இந்த விளையாட்டைத் தடுத்துத் தண்டம் விதித்தான் என்றும், மக்களுக்கு அதில் இருந்த விருப்பம் குறையவில்லை என்றும் எழுதுகிறார். ஆகவே கொம்பு விளையாட்டை அமைதியான ஊரொற்றுமையின் படமாக வரைவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதில் பகை இருந்தது, வசை இருந்தது. அந்தப் பகைக்கு ஊர் ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் முறையையும் வகுத்துக் கொடுத்தது என்பதே அதன் சிறப்பு. சந்தியில் தொடங்கிய ஏச்சுச் சந்தியிலேயே முடியவேண்டும் என்ற எதிர்பார்ப்பு, இடத் தெரிவின் உள்ளேயே இருந்தது.

கூத்துக்களரியும் இதே பாடத்தைத் தருகிறது. வடமோடி ஆனாலும் தென்மோடி ஆனாலும், மட்டக்களப்பில் கூத்து ஆடப்பட்டது வட்டக்களரியில். மண்ணைக் கூட்டி உயர்த்திய வட்டத்தைச் சுற்றி ஊர் உட்காரும். முன்வரிசை என்று ஒரு பக்கம் அங்கே இல்லை. எந்தத் திசையிலிருந்து வந்தவருக்கும் கூத்தர் முகம் கொடுத்தாக வேண்டும். களரி போடும் வெளியை ஊர்ப்பெரியவர்களும் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர்களும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் கூடி முடிவு செய்தார்கள். அந்த முடிவில் வயல் நிலத்தின் விலை கணக்கில் வரவில்லை. எல்லாக் குடியாரும் வந்துசேர முடியுமா என்பதே கணக்கில் வந்தது. பொது நிகழ்ச்சிக்கு இடம் தேடுவது என்றால் ஊரின் நடுவைத் தேடுவது என்றே அந்தத் தலைமுறைகள் விளங்கிக்கொண்டன.

நடுவைத் தேடும் இந்த வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மெல்லக் கைமாறியது. 1814இல் மெதடிஸ்த மிசன் மட்டக்களப்பில் பள்ளி தொடங்கியது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி வந்தது. கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பள்ளி மதில்களுக்குள் வளர்ந்தன. பின்னர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் கூடைப்பந்தாட்டத்தைக் கொண்டுவந்து அதை மட்டக்களப்பின் அடையாளங்களில் ஒன்றாக்கினார்கள். அவர்களில் ஒருவரான அருட்தந்தை ஹரோல்ட் வெபர், மிக்கேல் கல்லூரி மாணவர்களை மெய்வல்லுநர் போட்டிகளுக்கும் பந்தாட்டங்களுக்கும் பழக்கியவர். நகரத்தின் பொது விளையாட்டரங்கு இன்று வெபர் அரங்கு என்றே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த மாற்றத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்வது அநீதி. சேரி பிறப்பால் வந்தது. அணி திறமையால் வந்தது. எந்தக் குடியில் பிறந்தாலும் வேகமாக ஓடுகிறவன் ஓடலாம் என்ற நிலையை மைதானம் தந்தது. ஆனால் அதே மாற்றத்தில் விளையாட்டிடம் ஒரு நிறுவனத்தின் சொத்தாகவும் மாறியது. இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை, அதில் விளையாடுகிறவர்களிடமிருந்து அதை நிருவகிக்கிறவர்களிடம் போயிற்று.

உள்ளூராட்சியின் வரலாறும் அதே திசையில் நகர்ந்தது. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கிராமக் கூட்டங்களுக்குச் சட்ட உருவம் கொடுத்தது. அவற்றின் வழிவந்த கிராமச் சபைகள் 1981இல் ஒழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உண்டாக்கியது. ஒவ்வொரு படியிலும் நிருவாக எல்லை விரிந்தது. முடிவெடுக்கும் மேசை ஊர்ச் சந்தியிலிருந்து விலகிப் போனது. அதற்கு மேல், மட்டக்களப்பில் அந்த மேசையே பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. 2008 மார்ச்சில் நடந்த உள்ளூராட்சித் தேர்தல், 14 ஆண்டுகளுக்குப் பின் மாவட்டத்தில் நடந்த முதல் தேர்தல். மீண்டும் 2023 மார்ச்சில் நாடெங்கும் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை செயலாளர்களும் ஆணையாளர்களுமே அவற்றை நடத்தினார்கள். அதிகாரிகள் கெட்டவர்கள் என்பதல்ல இங்கே வாதம். ஓர் அதிகாரிக்குத் தெரியக்கூடியது காணிப் பதிவேடு. எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருவைத் தாண்டி வராது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்ல ஊர் கூட வேண்டும்.

காணிப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியில் வெற்று நிலம் தேடினால், அது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் அகப்படும்: வாவியோரச் சதுப்பிலும், குடியிருப்பிலிருந்து தொலைவான புறம்போக்கிலும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளும் இந்த வாவி, மாரியில் வரும் வெள்ளத்தை முகத்துவாரங்கள் வழியாகக் கடலுக்கு அனுப்புகிறது. கரையிலுள்ள தாழ்நிலம் அந்த வெள்ளம் தங்கி மூச்சுவிடும் இடம். அதை நிரவி மைதானம் ஆக்கினால், ஒவ்வொரு மாரியிலும் மைதானம் நீருக்குள் போகும் அல்லது நீர் வீடுகளுக்குள் போகும். 2011 சனவரி வெள்ளம் இதை மாவட்டம் முழுவதற்கும் காட்டிவிட்டுப் போயிற்று. தொலைவின் விலையை 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னான குடியேற்றம் காட்டியது. நாவலடி போன்ற கடலோர ஊர்களில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குத் திராய்மடுவில் நிலம் ஒதுக்கப்பட்டது. உயிர்ப் பாதுகாப்பு என்ற காரணம் நியாயமானது. ஆயினும் கடலை நம்பி வாழ்ந்த மீனவர் கடலிலிருந்து விலக்கப்பட்டபோது, வீடு ஓரிடத்திலும் வாழ்வு இன்னோரிடத்திலும் ஆயிற்று. வீட்டுக்கே இந்தக் கதி என்றால், கட்டாயத்தால் அன்றி விருப்பத்தால் மட்டுமே ஆட்கள் வரும் ஒரு மைதானத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. தொலைவில் வைத்த மைதானத்துக்கு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர் போவார்கள். பெண்பிள்ளைகளும் சிறுவர்களும் முதியவர்களும் போகமாட்டார்கள்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். மூன்றும் பதில் சொல்லத் தக்கவை. முதலாவது: கொம்புச்சந்தியின் ஊர்க்கூட்டம் உண்மையில் எல்லோருடைய கூட்டமா? இல்லை. நிலவுடைமையாளரான போடிமாரும் வண்ணக்கர்களும் பேசிய இடத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குச் சம குரல் இருக்கவில்லை. வடத்தை இழுத்தது ஆண்களின் கைகளே. ஆகவே பழைய கூட்டத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று இங்கே கேட்கவில்லை. அந்தக் கூட்டம் கைக்கொண்ட அளவுகோலை எடுத்து, அது ஒதுக்கிவைத்தவர்களுக்கும் பொருத்த வேண்டும் என்பதே கேட்பது. இருபக்கத்தாரும் வரக்கூடிய இடம் என்ற விதியை நேர்மையாகக் கடைப்பிடித்தால், மாலை ஆறு மணிக்குப் பின் ஒரு பெண் தனியாக நடந்து வீடு திரும்பக்கூடிய இடமா என்ற கேள்வியும் அதற்குள் வந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு அளவைப் பற்றியது. 400 மீற்றர் ஓடுபாதைக்கு ஏறத்தாழ 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் வேண்டும். சந்திக்குள் அதைத் திணிக்க முடியாது. காத்தான்குடி போன்ற நெருக்கமான நகரத்தில் அப்படி ஒரு நிலத்தை நினைத்துப் பார்ப்பதே கடினம். உண்மைதான். போட்டிக்கான அரங்கு ஒன்று, அன்றாட விளையாட்டிடம் வேறொன்று என்று பிரித்துப் பார்த்தால் சிக்கல் தளரும். ஆண்டுக்குச் சில நாள் மாவட்டப் போட்டி நடக்கும் அரங்கு தொலைவில் இருக்கலாம். அதற்குப் பேருந்து வைத்துக்கொண்டு போகலாம். தினமும் மாலையில் பந்து உருளும் வெளி நடக்கும் தூரத்தில் இருந்தே ஆகவேண்டும். பெரிய அரங்கு கிடைக்கிறது என்பதற்காகச் சின்ன வெளியைக் கடைத்தொகுதிக்கோ வாகனத் தரிப்பிடத்துக்கோ கொடுத்துவிடுவதுதான் இடமாற்றத்தில் நேரக்கூடிய பெரிய இழப்பு. நடு என்பது எக்காலத்துக்கும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதுமில்லை. 1924இல் கல்லடிப் பாலம் வந்தபோது நகரத்தின் நடு கிழக்கே நகர்ந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது, அதுவரை துறையில் தோணிக்காகக் காத்திருந்த, வாவியின் மேற்கே உள்ள படுவான்கரை எழுவான்கரைக்கு அயலாயிற்று. இப்படி நடு நகரும்போது மைதானமும் நகரலாம். புதிய நடுவைத் தேடிச் செய்யும் இடமாற்றத்தை எதிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துக் கோத்தபடி இருக்கின்றன. ஆரையம்பதியும் காத்தான்குடியும் போல, செங்கலடியும் ஏறாவூரும் போல. எல்லையில் மைதானம் வைத்தால் அது சண்டைக்களமாகாதா? போர்க்காலத்து 1990ஐ அறிந்த எவரும் இந்த அச்சத்தை ஒதுக்க முடியாது. அந்த ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் கொலை நடந்தது. செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சிற்றூர்களின் மக்கள் கொல்லப்பட்டார்கள். கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக மட்டக்களப்பு நேசித்த அருட்தந்தை யூஜின் ஹேபேட், ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமற்போனார். இத்தனைக்கும் பின் ஒரு மைதானம் இந்தக் காயத்தை ஆற்றிவிடும் என்று சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. ஆனால் அந்த ஆண்டுக்குப் பின் ஊர்கள் தம் முதுகை ஒன்றுக்கொன்று திருப்பிக்கொண்டன என்பதும், ஒவ்வொன்றும் தன் மைதானத்தைத் தன் உட்புறத்தில் வைத்துக்கொள்வது அந்தத் திரும்பலைக் கல்லிலும் சீமெந்திலும் எழுதிவிடும் என்பதும் உண்மை. எல்லையில் வைக்கும் மைதானத்துக்கு இரு ஊரிலிருந்தும் இரு வாசல் வேண்டும், இரு சபையும் சேர்ந்த நிருவாகம் வேண்டும், விளையாட்டு நாள்களை இருபக்கக் கழகங்களும் சேர்ந்து வகுக்க வேண்டும். கொம்பு முறித்தவர்களும் முறைகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டுதான் வடத்தில் கை வைத்தார்கள்.

ஆகவே, சபை கூடும் நாளில் காணி அளவையாளரின் படத்துக்கு முன்னால் இன்னொரு படம் மேசையில் விரிய வேண்டும்: யார் எங்கே இருக்கிறார்கள், எந்த வழியால் நடக்கிறார்கள், எந்தச் சந்தியில் இயல்பாகவே நின்று பேசுகிறார்கள் என்று காட்டும் படம். அதை வரைய நிபுணர் தேவையில்லை. கழகங்களையும் பள்ளிகளையும் பெண்கள் சங்கங்களையும் இருபக்கத்துக் கோயில், பள்ளிவாசல் நிருவாகங்களையும் கூப்பிட்டு ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். பிறகு அந்தப் படத்தின் மேல் காணிப் படத்தை வைத்துப் பார்க்கலாம். இரண்டும் பொருந்தும் நிலம் சிறியதாக இருக்கலாம், விலை கூடியதாக இருக்கலாம். ஆனாலும் அங்கே ஆட்கள் வருவார்கள். தேற்றாத்தீவில் கொம்பும் வடமும் போன பின்னும் சந்திக்குப் பெயர் நிலைத்ததற்குக் காரணம், இருபக்கத்தாரும் அங்கே வந்து நின்றார்கள் என்பதுதான்.