பாலம் கட்டியோரும் பாலம் காத்தோரும்

செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து மதகுகள் திறக்கப்படும் போதெல்லாம் உபரிநீர் அடையாற்றில் கலந்து, சைதாப்பேட்டையைக் கடந்து கடலை அடைகிறது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் நொடிக்கு 29,000 கன அடி நீர் இந்த ஏரியிலிருந்து வெளியேறியபோது, சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தே நின்றுபோனதை நாம் மறந்திருக்க முடியாது. அந்தப் பாலம் நிற்கும் இடத்தில் அதற்கு முன்பு வேறொரு பாலம் இருந்தது. மர்மலாங் பாலம் என்று பெயர் பெற்றிருந்த அதனை 1726ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டினார். இஸ்ஃபஹானை அடுத்த புதிய ஜுல்ஃபாவைச் சேர்ந்த குடும்பத்தினர் அவர்; கிறிஸ்தவர். பெரும் வணிகர்களைக் குறிக்கும் 'க்வாஜா' என்ற பாரசீகப் பட்டமே அவர் பெயருக்கு முன் 'கோஜா' என நிற்கிறது. பாலத்திற்கு அவர் செலவிட்டது 30,000 வராகன். அத்துடன் அமையாது, பாலத்தின் பராமரிப்புக்கென்று 1,500 வராகனைத் தனியே ஒதுக்கி வைத்தார்.

இந்த இரண்டாவது தொகையே நம் சிந்தனைக்குரியது. ஒரு கல்பாலம் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பது எதனால்? கட்டியவரின் திறமையாலா, காத்தவரின் கவலையாலா? இக்கேள்விக்கு விடை காண, உரோமர் கட்டி இன்றும் நிற்கும் ஒரு பாலத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் குவாதல்கிவிர் ஆற்றின் மீது 16 வளைவுகளுடன் ஒரு கல்பாலம் நிற்கிறது. பெருநதி எனப் பொருள்படும் 'அல்வாதில் கபீர்' என்ற அரபுச் சொல்லே அந்த ஆற்றின் பெயராகத் திரிந்தது. சற்றேறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் உரோமர் அமைத்த பாலம் அது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அந்நகருக்கு வேறு பாலமில்லை. 2004 வரை வாகனங்களும் அதன் மீது சென்றன. இன்று மக்கள் நடந்து கடக்கின்றனர்.

உரோமரின் வளைவுக் கட்டுமானம் வியத்தற்குரியது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை இருபுறமிருந்தும் அடுக்கி, உச்சியில் ஒரு கல்லை இறுக்கிவிட்டால், மேலிருந்து வரும் பாரம் கற்களைப் பிரிப்பதில்லை. ஒன்றோடொன்றை மேலும் நெருக்குகிறது. ஆகவே பாரத்தால் வளைவு எளிதில் வீழ்வதில்லை. அதன் பகை கீழே இருக்கிறது. தூண்களின் அடியிலுள்ள மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டே இருக்கும். அடித்தளம் நெகிழ்ந்தால் வளைவும் சரியும். ஒவ்வொரு பெருவெள்ளத்திற்குப் பின்னும் எவரேனும் இறங்கிப் பார்த்துச் செப்பனிட வேண்டும். அந்தக் கை ஓய்ந்துவிட்டால் உரோமர் திறமையும் உதவாது.

குர்துபாவில் அவ்வாறே நேர்ந்தது. முஸ்லிம்கள் அந்நகரை அடைந்தபோது பாலம் சிதைந்திருந்தது. நகரின் மதிற்சுவரும் ஒருபுறம் இடிந்து கிடந்தது. அந்தலூசியாவின் ஆளுநர் அஸ்ஸம்ஹ் இப்னு மாலிக் அல்கவ்லானி, கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு இந்நிலையை எழுதி ஆணை கோரினார். மதிலைக் கட்டுவதா, மதிலின் கற்களைக் கொண்டு பாலத்தைக் கட்டுவதா என்பது அவர் முன்னிருந்த சிக்கல். மதிலின் கற்களால் பாலத்தைச் செப்பனிடுமாறும், மதிலின் குறையைச் செங்கல்லால் நிரப்புமாறும் கலீஃபா பணித்தார் என அந்தலூசிய வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. ஹிஜ்ரி 101இல் (கி.பி. 719–720) அப்பணி நடந்தது.

புதிதாக வசமான ஒரு நாட்டில் ஆட்சியாளர் முதலில் நாடுவது அரண். ஆனால் இங்கே உறுதியான கல் பாலத்திற்குச் சென்றது. எளிய செங்கல் மதிலுக்குப் போதுமானதாயிற்று. மக்களைத் தடுத்து நிறுத்தும் சுவரைவிட மக்களைக் கடத்திவிடும் வழி மேலானது என்ற முடிவு அதில் அடங்கியிருப்பதை நாம் உணரலாம்.

அந்த ஒரு பணியோடு கதை முடிந்துவிடவில்லை. கி.பி. 788 முதல் 796 வரை ஆண்ட முதலாம் ஹிஷாம் மீண்டும் பாலத்தைச் செப்பனிட்டார். தம் வேட்டைக்காகவே அவர் அதைச் செய்ததாக மக்கள் பேசிக்கொள்வதை அறிந்து, பொதுக் காரியத்திற்கன்றி அப்பாலத்தைக் கடப்பதில்லை எனச் சூளுரைத்து, அதனைக் காத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கி.பி. 971இல் இரண்டாம் அல்ஹகம் காலத்திலும், பின்னர் கிறிஸ்தவ மன்னர்கள் காலத்திலும் பணிகள் தொடர்ந்தன. அண்மையில் 2008இலும் ஒரு பெரும் சீரமைப்பு நிறைவுற்றது. இன்றுள்ள 16 வளைவுகளில் உரோமர் காலத்தவை என அறியப்படுபவை இரண்டே. ஆயினும் உலகம் அதை உரோமர் பாலம் என்றே அழைக்கிறது. கட்டியவருக்குப் பெயர் நிலைத்தது. காத்தவர்களால் பாலம் நிலைத்தது.

இப்போது அடையாற்றுக்குத் திரும்புவோம். உஸ்கானின் பாலம் ஏறத்தாழ 240 ஆண்டுகள் மக்களைச் சுமந்து, 1966இல் புதிய பாலத்திற்கு இடம் விட்டது. 30,000 வராகனுக்கு 1,500 என்பது இருபதில் ஒரு பங்கு. நம் மார்க்க அறிஞர்கள் வக்ஃபு செய்யத்தக்கவற்றுள் பாலத்தையும் எண்ணினர். வக்ஃபு வருமானம் முதலில் அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே செலவிடப்பட வேண்டும், வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை இடாவிட்டாலும் சரியே என்பது ஹனஃபி சட்ட நூல்களின் தெளிவான விதி. பயனாளிகளின் பங்கு அதன் பிறகே. உஸ்கான் செய்ததும் அந்த விதியின் உட்பொருளை ஒட்டியதே.

நம் ஏரிகளின் கதையும் வேறன்று. கரையை உயர்த்துவதும், மதகைச் சீர்செய்வதும், வரத்துக்காலைத் தூர்வாருவதும் ஊரார் கூடிச் செய்த கடமைகளாக இருந்தன. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 'மராமத்து' என்பது செப்பனிடுதலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. தமிழர் தம் நீர்நிலைகளைக் காக்கும் பணிக்கு அரபுச் சொல் ஒன்று இவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருப்பது நமக்கு ஒரு நினைவூட்டல்.

இன்று நம் ஊர்களில் புதிய பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் அடிக்கல் நாட்ட முன்வருவோர் பலர். கல்வெட்டில் அவர்தம் பெயர்கள் இடம்பெறுவது முறையே. ஆனால் ஒழுகும் கூரைக்கும், தூர்ந்த கிணற்றுக்கும், சரிந்த கபரஸ்தான் சுவருக்கும் நன்கொடை கேட்டுச் செல்லும் முதவல்லி, பல வாசல்களில் வெறுங்கையுடன் திரும்புகிறார். அந்தச் செலவுக்குக் கல்வெட்டு இல்லை என்பதே காரணமாக இருக்குமோ என நாம் அஞ்சுகிறோம். நிலையான தர்மம் நிலைத்திருக்க வேண்டுமானால், அது நிற்கும் கட்டடமும் நிலைத்திருக்க வேண்டும். புதிதாக எதைக் கட்டினாலும் அதன் செலவில் இருபதில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று அன்றே ஒதுக்கி எழுதிவைப்பதை நம் ஜமாஅத்துகள் வழக்கமாக்கிக் கொள்ளட்டும்.