காபன், ஈர், ஒட்சைட்டு: தமிழில் கெமிஸ்ற்றி படித்த கதை

அனலைதீவில் ஒரு பிள்ளைக்கு இரவு ஏழு மணிக்கு மூல் கணக்கில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கும்? யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போகும். இல்லாட்டி ரெண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற ஏலெவல் அக்காவிட்டக் கேட்கும். அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் கடல் கிடக்கிறது. கடைசிப் படகு போனபிறகு மிச்சம் இருப்பது கையில் உள்ள போன்தான்.

போனில் தேடினால் தமிழில் பாடம் இல்லாமல் இல்லை. கனக்க வரும். அதில் கனக்க தமிழ்நாட்டு ஆசிரியர்களுடையவை. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கினம். ஆனால் அவர் 'இணைதிறன்' என்கிறார், பிள்ளையின் புத்தகத்தில் 'வலுவளவு' என்று இருக்கிறது. அவர் 'ஒடுக்கம்' என்கிறார், இங்கே அது 'தாழ்த்தல்'. அவர் 'நிறை' என்று சொல்லிக் கணக்குச் செய்கிறார். இங்கே 'திணிவு' வேற, 'நிறை' வேற, ரெண்டையும் மாத்தி எழுதினால் புள்ளி போகும். பிள்ளை கணக்கில் சறுக்கவில்லை. சொல்லில் சறுக்குகிறது. ஆனால் 'எனக்குக் கெமிஸ்ற்றி ஏறாது' என்று முடிவு எடுத்துவிடுகிறது.

இந்தச் சறுக்கலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அனலைதீவிலிருந்து அவ்வளவு தூரத்தில் தொடங்கவுமில்லை. ஊர்காவற்றுறையில் இறங்கி, 'பாதை'யில் ஏறிக் காரைநகருக்குக் கடந்து, பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிப் போனால் வட்டுக்கோட்டை. அங்கே 1823இல் அமெரிக்க மிசன்காரர் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் அங்கே பாடம், உயர்வகுப்புக்கு ஆங்கிலம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்தான். விசுவநாதபிள்ளை 1855இலேயே அல்ஜீப்ராவைத் தமிழில் 'வீசகணிதம்' என்று நூலாக்கினார். அதே ஆண்டில்தான் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த பிள்ளையள் அரச உத்தியோகத்துக்குப் போய்விடுகினம், ஊருக்கோ மிசனுக்கோ பயன் குறைவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இதே கேள்வி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனுக்கும் வந்தது. 1822இல் அமெரிக்காவின் மசாசுசெற்சில் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையில் தொடங்கி அடுத்த ஆண்டு மானிப்பாய்க்குப் போனார். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். படித்தவர்கள் நல்ல சம்பளம் தேடி வெளியே போனார்கள். தமிழில் படித்தால் தமிழ் ஊர்களிலேயே நிற்பார்கள் என்று அவர் நினைத்தார். 1864இல் தமிழ் வகுப்பைத் தொடங்கினார். புத்தகம் இல்லாமல் வகுப்பு ஏது? உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்', அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்', பொதுமருத்துவத்துக்கு 'வைத்தியாகரம்' என்று ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வந்தன. அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள், கிறீன் திருத்தினார். இந்த வரிசையில் 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'.

அந்தப் பெயரைக் கொஞ்சம் பாருங்கோ. உடற்கூற்றியலுக்கு வடமொழியில் வேர் தேடி 'அங்காதிபாதம்' என்று பெயர் வைத்தவர்கள், வேதியியலுக்கு ஆங்கிலச் சொல்லையே எடுத்து வாலில் ஒரு 'அம்' ஒட்டித் தமிழ் ஆக்கியிருக்கிறார்கள். புதுச் சொல்லும் செய்யலாம், வந்த சொல்லையும் வளைக்கலாம் என்ற ரெண்டு வழியும் அப்போதே திறந்துவிட்டது. ரெண்டு வழியிலும்தான் இண்டைக்கும் போய்க்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. 'கெமிஸ்தம்' வந்தது மெண்டலீவ் ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்டு ஆறே ஆண்டில். 'மூல்' என்ற சொல் அப்போது உலகத்திலேயே இல்லை. ஜேர்மன் மொழியில் ஒஸ்வால்ட் அதை வழக்குக்குக் கொண்டுவந்தது 1890களில். சர்வதேச அலகாக அது சேர்ந்தது 1971இல். எங்கட பிள்ளையளைப் படுத்தும் அலகு, எங்கட முதல் வேதியியல் புத்தகத்தை விட இளையது. ஆங்கிலத்தில் எல்லாம் முதலே தயாராக இருந்தது, தமிழ்தான் பின்னால் ஓடியது என்று நினைக்கிறோமே, அது முழு உண்மையில்லை. அந்தப் பாடமே அப்போது வளர்ந்துகொண்டிருந்தது.

1873இல் கிறீன் ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலை பார்த்தார், 1884இல் காலமானார். ஆனால் தமிழ் மருத்துவ வகுப்பு நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் படிப்பித்தது, வேலையும் ஆங்கிலத்தோடு வந்தது. 'கெமிஸ்தம்' ஒரு தலைமுறைக்குமேல் வகுப்பறை காணவில்லை. கிறீனை எங்கட காலத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கவிஞர் அம்பி. அவர் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' 1967இல் வந்தது. அம்பி தொழிலால் விஞ்ஞான, கணித ஆசிரியர். வகுப்பில் சொல்லுக்கு அலைந்த ஒருவர்தான் கிறீனைத் தேடிப் போயிருக்கிறார்.

கிறீனுக்கும் அம்பிக்கும் நடுவில் இன்னொரு விஞ்ஞான ஆசிரியர் உண்டு. காரைதீவில் (இது கிழக்கில் உள்ள காரைதீவு) பிறந்த மயில்வாகனன் 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தார், 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் படிப்பிக்க வந்தார். அவரைத்தான் நாங்கள் சுவாமி விபுலாநந்தர் என்று அறிகிறோம். யாழ் நூல் எழுதியவர், தமிழ்ப் பேராசிரியர் என்றுதான் எங்களுக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். ஆனால் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு நடந்தபோது தலைமைக்கு அவரைக் கூப்பிட்டதற்கு, அவர் தமிழும் விஞ்ஞானமும் ரெண்டும் படிப்பித்தவர் என்பது சும்மா காரணமில்லை.

1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது, தாய்மொழிக் கல்வியும் கீழ்வகுப்பிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. 1950களில் அரச கரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. 'ஒட்சிசன்', 'ஐதரசன்', 'நைதரசன்' எல்லாம் அந்தத் தொகுதிகள் வழியாகப் பாடநூலுக்கு வந்தவை. அந்தச் சொற்களைச் செய்தவர்கள் கிரந்த எழுத்தைத் தவிர்த்தார்கள். ஜ, ஹ, ஸ வேண்டாம், தமிழ் எழுத்துக்குள்ளேயே ஒலியை அடக்குவோம் என்பது அவர்கள் எடுத்த வழி. தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பிறகு 'ஆக்சிஜன்', 'ஹைட்ரஜன்' என்று போயின. ஒரே வாயு, ஒரே மொழி, ரெண்டு கரையில் ரெண்டு பெயர்.

இலங்கைச் சொற்களைக் கிண்டலடிக்கிறவர்கள் கனபேர். 'காபனீரொட்சைட்டு' என்றால் சிரிப்பார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கோ: காபன், ஈர், ஒட்சைட்டு. 'ஈருருளி'யில் உள்ள அதே 'ஈர்'. ஒட்சிசன் அணு ரெண்டு என்று பெயரே சொல்லிவிடுகிறது. 'காபனோரொட்சைட்டு' என்றால் ஓர் ஒட்சிசன். 'கார்பன் டை ஆக்சைடு' என்று படிக்கிற பிள்ளைக்கு 'டை' என்றால் ரெண்டு என்று யாரோ தனியாகச் சொல்லவேண்டும், அது கிரேக்கம். எங்கட பிள்ளைக்குத் தமிழ் தெரிந்தால் போதும். ஆனால் சிக்கலும் அங்கேயேதான். சொற்களைப் புணர்த்தி ஒரே மூச்சில் எழுதியதால், பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது உள்ளே ஒன்றும் தெரியாத ஒரு நீளப் பூட்டுத்தான். 'கல்சியங்காபனேற்று' என்பதில் உள்ள 'ங்' எங்கிருந்து வந்தது என்று கெமிஸ்ற்றி ரீச்சர் சொல்ல நேரமிருக்காது. 'கல்சியம்' என்பதன் 'ம்' ககரத்துக்கு முன்னால் திரிந்தது என்று தமிழ் வகுப்பில் மட்டும்தான் சொல்வார்கள். ஒரே சொல்லின் விளக்கம் ரெண்டு பாடவேளைக்குள் பிரிந்து கிடக்கிறது.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். 10 கிராம் கல்சியங்காபனேற்றை முற்றாகப் பிரிகையடையும்வரை வெப்பமேற்றினால் எத்தனை கிராம் காபனீரொட்சைட்டு வரும்?

முதலில் பொருள் என்ன? இது கடற்கரையில் கிடக்கிற சிப்பிதான். சிப்பியையும் கடற்கல்லையும் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு வரும். சுட்டது கல்சியமொட்சைட்டு, வெளியே போன வாயு காபனீரொட்சைட்டு. கல்சியம் 40, காபன் 12, ஒட்சிசன் 16 என்று வைத்துக்கொள்வோம். கல்சியங்காபனேற்றில் ஒட்சிசன் மூன்று: 40, 12, 48, ஆகக் கூட 100. அப்ப ஒரு மூல் என்பது 100 கிராம். எங்களிடம் இருப்பது 10 கிராம், அதாவது 0.1 மூல். சமன்பாட்டில் ஒரு மூலுக்கு ஒரு மூல் வாயு. காபனீரொட்சைட்டு ஒரு மூல் 12, 32 சேர்த்து 44 கிராம். ஆகவே 4.4 கிராம். மிச்சம் 5.6 கிராம் சுண்ணாம்பு.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் சூடேறி நீறும், அது கல்சியமைதரொட்சைட்டு. அம்மம்மாவின் வெத்திலைத் தட்டத்தில் இருப்பது அதுதான். மூடாமல் விட்டால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துத் திரும்பக் கல்சியங்காபனேற்றாக இறுகும். மூன்று தாக்கமும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன, மூன்றுக்கும் பழைய தமிழில் 'சுடுதல்', 'நீறுதல்', 'இறுகுதல்' என்று வினைச்சொல்லும் இருக்கிறது. பிள்ளைக்கு 10 கிராம் கணக்கு விளங்காமல் போவதற்கு நியாயமே இல்லை, யாராவது பக்கத்தில் இருந்து சொல்லைத் திறந்து விட்டால்.

எல்லாச் சொல்லும் இப்படி உதவாது என்பதையும் சொல்லவேண்டும். அப்பச்சோடாவின் பழைய பெயர் 'சோடியமிருகாபனேற்று'. பிரித்தால் 'இரு' வருகிறது, பிள்ளை ரெண்டு காபனேற்று என்று எழுதும், பிழைக்கும். ஆங்கிலத்தில் உள்ள பழைய 'பை'யை அப்படியே தமிழாக்கியதால் வந்த வினை அது. 'சோடியமைதரசன்காபனேற்று' என்ற பெயர் அதைச் சரியாக்குகிறது. சொல் நல்லதாக அமைந்தால் அது ஆசிரியர், பிழையாக அமைந்தால் அது பொறி.

இதெல்லாம் மொழி விளையாட்டு என்று நினைத்தால் 1970களைப் பார்க்கவேண்டும். 1970/71 கல்வியாண்டு மருத்துவ அனுமதியில் 400 புள்ளிகளுக்குச் சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு 229 போதும், தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 வேண்டும் என்று வந்தது. எந்த மொழியில் கெமிஸ்ற்றி எழுதினாய் என்பதே வாசலைத் தீர்மானித்தது. பிறகு மாவட்டக் கோட்டா வந்தது. அந்தக் கணக்கில் அனலைதீவும் யாழ் நகரமும் ஒரே மாவட்டம். நடுவில் உள்ள கடல் கணக்கில் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் உயிர் போகும் நிலையில் ரியூசன் என்பது யாழ்ப்பாணத்தில் ரெண்டாவது பள்ளிக்கூடம் ஆனது. 1990களில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளையள் படித்தார்கள். அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள்தான் இப்போது எங்களுக்கு ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் இருக்கிறார்கள்.

கலைப்பீடத்தில் இருந்துகொண்டு நாங்கள் ஏன் இதைப் பேசுகிறோம்? இந்த வரலாற்றில் உதவிக்கு வந்த ஆட்கள் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் கால் வைத்தவர்கள் என்பதால்தான். ஒரு வைத்தியர் தமிழ் படித்தார். ஒரு விஞ்ஞான ஆசிரியர் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். இன்னொரு விஞ்ஞான ஆசிரியர் கவிஞர் ஆனார். எங்களில் யாருக்கும் பேராதனைக்குப் போய் வேதியியல் படிப்பிக்கிற அறிவு இல்லை. ஆனால் புணர்ச்சி பிரிக்கத் தெரியும், ரெண்டு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தெரியும். தீவில் இருக்கிற தம்பி தங்கச்சிக்கு இரவு ஏழு மணிக்கு முதலில் வேண்டியது அதுதான்.

ஆகவே வீடியோ பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு நாங்கள் சொல்கிற முதல் உபாயம்: பெயர் குழப்பினால் குறியீட்டைப் பார். 1813, 1814இல் சுவீடனின் பேர்சீலியசு ஏற்படுத்திய இலத்தீன் எழுத்துக் குறியீடு ரெண்டு கரையிலும் ஒன்றுதான். திரையில் 'ஆக்சிஜன்' என்று சொன்னாலும் கரும்பலகையில் எழுதுவது உன் புத்தகத்தில் உள்ள அதே எழுத்து. ரெண்டாவது: கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் எங்கட சொல், மறுபக்கம் அவையின் சொல். வலுவளவு, இணைதிறன். தாழ்த்தல், ஒடுக்கம். ஒட்சியேற்றம், ஆக்சிஜனேற்றம். நியமிப்பு, தரம்பார்த்தல். முப்பது சொல் சேர்ந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும். மூன்றாவது: நீளச் சொல் வந்தால் பென்சிலால் பிரி, பிறகு கணக்கைத் தொடு.

அந்தப் பட்டியலை நாங்களும் தொடங்கியிருக்கிறோம். இப்போதைக்கு ஓலெவல் விஞ்ஞானப் புத்தகத்தின் வேதியியல் அலகுகள் மட்டும். உங்கட வீட்டில் பழைய கலைச்சொல் தொகுதியோ, அறுபது எழுபதுகளின் இரசாயனப் பாடநூலோ கறையானுக்குத் தப்பிக் கிடந்தால் எறிந்துவிடாதேங்கோ. அதிலுள்ள சொற்களைப் படம் எடுத்து அனுப்புங்கோ. அனலைதீவுப் பிள்ளை கேட்கிற கேள்விக்கு அதில் ஒரு சொல் பதிலாக இருக்கலாம்.