அரிதாரமும் சபேதாவும்: மைசூர் ஓவியத்தில் மறைந்திருந்த நஞ்சு

மைசூர் ஓவியத்தையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் பிரித்தறியப் பல வேளைகளில் விரல்நுனியே போதும். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த கலவை தடித்து மேலெழும்பி நிற்கும். அதில் கற்கள் பதிக்கப்படும். மைசூர் ஓவியத்தில் அணிகலனும் ஆடைக்கரையும் தூண் வேலைப்பாடும் மிக மெல்லிய புடைப்பாக மட்டுமே எழும். அதன்மேல் தங்கத்தாள் ஒட்டப்படும். மெல்லிய புடைப்புக்கு மிக நுண்ணிய தூள் தேவை. அதற்கு ஈயவெள்ளையையும் மக்கியையும் பசையோடு சேர்த்து அரைப்பதே பழைய முறை.

இம்மரபின் வரலாறு நன்கறியப்பட்டது. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் சிதைந்தது. அங்கிருந்த ஓவியர் குடும்பங்கள் புதிய புரவலரைத் தேடின. ராஜ உடையார் (ஆட்சிக்காலம் 1578–1617) அவர்களுட் சிலருக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இடமளித்தார். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) காலத்தில் இக்கலை உச்சம் தொட்டது. அவர் ஆதரவில் உருவான ‘ஸ்ரீதத்துவநிதி’ தெய்வ வடிவங்களின் பெருந்தொகுப்பாக இன்றும் திகழ்கிறது. 2005இல் மைசூர் மரபு ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது.

இன்று இக்கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஓர் இழந்த பட்டறையை நினைவுகூர்கின்றனர். புளியங்குச்சியை இரும்புக் குழலில் சுட்டுக் கரிக்கோல் செய்தனர்; அணில் மயிரில் தூரிகை கட்டினர்; கனிமத்தையும் தாவரத்தையும் நாட்கணக்கில் கல்லில் அரைத்து வண்ணம் எடுத்தனர். ‘அன்று எல்லாம் இயற்கை, இன்று எல்லாம் இரசாயனம்’ என்ற ஏக்கம் இந்நினைவின் அடியில் இருக்கிறது. அக்கைத்திறனை மதிப்பதில் பிழையில்லை. ‘இயற்கை’ என்னும் சொல்லைத் ‘தீங்கற்றது’ என்னும் பொருளில் கையாளுவதே பிழை.

ஈயவெள்ளை என்பது ஈயக் கார்பனேட்டு. அதன் தூள் மூச்சுவழியும் வாய்வழியும் உடலுட் சென்று எலும்பில் தங்கும். முதலில் வயிற்றுவலி, சோகை. நெடுநாள் வேலைக்குப் பின் நரம்புத் தளர்ச்சி. மணிக்கட்டு தொங்கிப்போய்க் கையை உயர்த்த இயலாமற்போவது ஈய நஞ்சேற்றத்தின் நன்கறியப்பட்ட அடையாளம். ஓவியருக்கு இதைவிடக் கொடிய தண்டனை இராது. மக்கியோ மரப்பிசினிலிருந்து கிடைக்கும் மஞ்சள். கடுமையான பேதிமருந்தும் அதுவே. கன்னட நாட்டின் பழைய வண்ணப் பட்டியல்கள் இன்னும் பின்னோக்கிச் செல்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ சங்கிலிருந்து வெள்ளையையும் அரிதாரத்திலிருந்து மஞ்சளையும் பெறச் சொல்கிறது. அரிதாரம் மண்ணில் கிடைக்கும் ஆர்சனிக் சல்பைடு.

இங்கே சொற்களின் வரலாறு பொருள்களின் வரலாற்றுக்கு உதவுகிறது. கைவினை வழக்கில் வெள்ளைத்தூளின் பெயர் ‘சபேதா’. பாரசீகத்தில் வெண்மையைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது அது. நிறத்தைச் சொல்லும், உலோகத்தைச் சொல்லாது. ஈயத்தின் இடத்தில் துத்தநாக வெள்ளை வந்தபோதும் பெயர் மாறவில்லை. ஆகவே ‘சபேதா’ என்று மட்டும் எழுதிய குறிப்பைக் கொண்டு அந்த வெள்ளை எது என்று முடிவுசெய்ய முடியாது. தமிழில் ‘அரிதாரம்’ அடைந்த மாற்றம் வேறுவகை. கூத்தரின் முகப்பூச்சுக்குரிய கனிமத்தின் பெயர் நாளடைவில் ஒப்பனை முழுமைக்கும் பெயராயிற்று. ‘அரிதாரம் பூசிய நடிகர்’ என்று இன்று எழுதுவோர் ஆர்சனிக்கை நினைப்பதில்லை.

சித்த மருத்துவம் மட்டும் நினைவில் வைத்திருந்தது. அதன் 64 பாடாண வகைப்பாட்டில் அரிதாரம் ‘தாளகம்’ என்னும் பெயரிலும், சாதிலிங்கம் ‘லிங்கம்’ என்னும் பெயரிலும் இடம்பெறுகின்றன. பாடாணம் என்றால் நஞ்சு. சுத்தி செய்யாமல் கையாளலாகாது என்பது அதன் விதி. ஆக, அறிவு இல்லாமல் இல்லை. மருத்துவரின் சொற்றொகுதியில் நஞ்சாக இருந்தது ஓவியரின் சொற்றொகுதியில் நிறமாக மட்டும் இருந்தது.

ஐரோப்பாவிலும் இவ்விடைவெளி இருந்தது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் ஓவியரின் நோய்களையும் அவர்கள் கையாளும் வண்ணங்களையும் தொடர்புபடுத்தினார். 1840களில் பாரிசில் லெக்லேர் என்னும் வண்ணப்பூச்சு ஒப்பந்ததாரர், தம் தொழிலாளர் ஈயத்தால் நோயுறுவதைக் கண்டு துத்தநாக வெள்ளைக்கு மாறினார். 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈயவெள்ளையைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் அதன் 2ஆம் பிரிவு கலை ஓவியத்துக்கு விலக்களித்தது. சுவருக்கு வெள்ளையடிப்பவருக்குக் கிடைத்த காப்பு, சித்திரம் தீட்டுபவருக்குக் கிடைக்கவில்லை. கலை என்னும் மதிப்பே இங்கே கலைஞரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது.

இந்தியாவில் வீட்டுப்பூச்சு, அலங்காரப்பூச்சு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என்னும் விதி 2016இல்தான் வந்தது. மைசூர் ஓவியர் பலர் இன்று துத்தநாக ஆக்சைடையும் வேலம்பிசின் போன்ற பசையையும் கொண்டு புடைப்பு வேலை செய்கின்றனர். அதை மரபின் வீழ்ச்சியாகக் கருதுவோர் உளர். ஆனால் இம்மரபை மரபாக்குவது கோட்டின் நுண்மையும் புடைப்பின் மென்மையும் தங்கத்தாளை மெருகேற்றும் கைப்பக்குவமுமே. இவற்றில் எதற்கும் ஈயம் இன்றியமையாததன்று.

பழைய மைசூர் ஓவியங்களில் பெரும்பாலானவற்றில் வரைந்தவர் பெயர் இல்லை. புரவலரின் பெயர் தெரியும், தெய்வத்தின் பெயர் தெரியும். நாட்கணக்கில் தூள் அரைத்தவரின் பெயரும் உடல்நிலையும் பதிவாகவில்லை. பழைய செய்முறையை மீட்டெடுக்க விழைவோர் ஓவியச் சுவடியோடு மருத்துவச் சுவடியையும் அருகில் வைத்துப் படிக்கவேண்டும். அரைக்கும் கல்லின் முன் இனி அமரப்போகும் மாணவருக்கு, தம் கையில் இருப்பது எந்த வெள்ளை, எந்த மஞ்சள் என்பது முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும்.