கீழ்ப்படிதலும் சீடத்துவமும்: பண்டித ரமாபாயின் வாழ்வு எழுப்பும் கேள்வி

1883 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரில் பண்டித ரமாபாய் தம் மகள் மனோரமாவுடன் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 25. அந்தச் செய்தி மகாராஷ்டிரத்தில் துரோகமாகவும் ஆங்கிலேயத் திருச்சபை வட்டாரங்களில் வெற்றியாகவும் கொள்ளப்பட்டது. இரு தரப்பாருமே அதை ஒரு முடிவாகக் கருதினர்: ஒரு சமயத்தை விட்டவர் மற்றொன்றை ஏற்றுவிட்டார், இனி அதற்குக் கட்டுப்பட்டவர். கிறிஸ்துவின் சீடராக வாழ்வதற்கு ரமாபாய் கண்ட பொருள் இந்தக் கணிப்புக்குள் அடங்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவர் இரு தரப்பாரையும் ஏமாற்றமடையச் செய்தார்.

அவருடைய தொடக்கம் சாஸ்திரக் கல்வியில் அமைந்தது. 1858இல் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் பிறந்த அவருக்குத் தாய் லட்சுமிபாய் சமஸ்கிருதம் கற்பித்தார். பெண்ணுக்குத் தேவபாஷையைக் கற்பித்ததற்காகத் தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே தம் சமூகத்தாரின் எதிர்ப்பைச் சந்தித்தவர். தலம் தலமாகப் புராணம் வாசித்துப் பிழைத்த அக்குடும்பத்தை 1870களின் பஞ்சம் சிதைத்தது. பெற்றோரும் தமக்கையும் மாண்டனர். எஞ்சிய ரமாபாயும் தமையன் சீனிவாசனும் 1878இல் கல்கத்தாவை அடைந்தபோது, அங்கிருந்த அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். தமையனின் மறைவுக்குப் பின், 1880இல், வேறு சாதியைச் சேர்ந்த வழக்கறிஞர் விபின் பிகாரி தாஸ் மேதாவியை அவர் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில் கணவரையும் இழந்தார். தர்மசாஸ்திரங்களை ஆழ்ந்து கற்றதன் விளைவாகவே அவற்றில் அவர் ஐயம் கொண்டார் என்பதை அவருடைய பிற்காலத் தன்வரலாறு தெளிவாக்குகிறது. நூல்கள் பல பொருள்களில் தமக்குள் முரண்பட்டன. ஆனால் பெண்ணுக்குத் தனித்த வீடுபேறு இல்லை என்பதில் உடன்பட்டன என்பது அவர் கண்ட முடிவு.

இங்கிலாந்தில் அவரை ஈர்த்தது இறையியல் வாதம் அன்று. லண்டனை அடுத்த ஃபுல்ஹாமில், சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கென அருட்சகோதரிகள் நடத்திய இல்லத்தை அவர் கண்டார். தம் நாட்டில் அத்தகைய பெண்களுக்குத் தண்டனையையே விதியாகக் கண்டிருந்தவர், அவர்களைப் பரிவோடு நடத்தும் பணிக்கு எது தூண்டுதல் என வினவினார். விடையாக, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு உரையாடிய பகுதி அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவருடைய சீடத்துவம் இங்கே வேர்கொண்டது என்று கொள்ளலாம். ஒதுக்கப்பட்ட பெண்ணிடம் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதே அவருக்கு முதற்சான்று. கோட்பாடுகள் அதன் பின்னரே வந்தன.

கோட்பாடுகள் வந்தபோது மோதலும் வந்தது. திரித்துவம் குறித்தும் அத்தனாசியாரின் விசுவாசப் பிரமாணம் குறித்தும் அவர் கேள்விகள் எழுப்பினார். அவருடைய ஆன்மிகப் பொறுப்பை ஏற்றிருந்த அருட்சகோதரி ஜெரால்டின் இதை ஆணவம் என்று கருதினார். கடிதங்கள் நீண்டன. சிலுவையில் பொறிக்கும் சொற்கள் இலத்தீனில் இருக்க வேண்டியதில்லை, சமஸ்கிருதத்தில் இருக்கலாம் என்றார் ரமாபாய். மரக்கறி உணவைக் கைவிட மறுத்தார். செல்ட்டன்ஹாம் கல்லூரியில் அவர் ஆண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, இந்தியாவில் பணியாற்றிய பேராயர்கள் அதற்குத் தடை கூறினர். சொந்த நாட்டில் ஆடவர் சபைகளில் உரையாற்றிப் பழகிய பெண்ணுக்கு அந்தத் தடை வியப்பும் சினமும் அளித்தது. புரோகிதர்களின் நுகத்தடியைப் பெருமுயற்சியால் கழற்றியவள் மற்றொரு நுகத்தடிக்குக் கழுத்தை நீட்ட இயலாது என்பதே அவர் எழுதிய மறுமொழியின் சாரம். 1977இல் நூலாக வெளிவந்த இக்கடிதங்களை, கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிவதும் திருச்சபை அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றா என்னும் விவாதமாகவே வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றே என்றார் ஜெரால்டின். மனச்சாட்சிக்கு அப்பால் சீடத்துவம் இல்லை என்றார் ரமாபாய்.

நாடு திரும்பிய பின் அதே கேள்வி எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1889 மார்ச்சில் பம்பாயில் அவர் தொடங்கிய சாரதா சதனம், உயர்சாதி விதவைகளுக்கான பள்ளியும் இல்லமுமாக இருந்தது. அதன் முதல் விதவை மாணவியரில் ஒருவரான கோதுபாய் பின்னர் தோண்டோ கேசவ் கார்வேயை மணந்தார். அமெரிக்க நன்கொடையாளரின் பொருளுதவியோடு நடந்த இல்லத்தில் சமயப் போதனை இருக்காது என்பது ஏற்பாடு. 1890இல் இல்லம் புனேவுக்கு மாறியது. ரமாபாய் தம் அறையில் ஜெபிக்கும்போது கதவை மூடுவதில்லை. சில மாணவியர் தாமாகவே அங்கே வந்து அமர்ந்தனர். கதவை மூட வேண்டும் என்று கேட்டபோது அவர் மறுத்தார். கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் ஒளிக்கவும் மாட்டேன் என்பது அவர் நிலை. ‘கேசரி’ இதழ் கடுமையாகத் தாக்கியது. 1893இல் ரானடே, பண்டார்கர் உள்ளிட்ட ஆலோசனைக் குழுவினர் விலகினர். பல குடும்பங்கள் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. வாண்டேஜில் அவர் போதிய அளவு கிறிஸ்தவராக இல்லை. புனேயில் அளவு மீறிய கிறிஸ்தவர். இரு இடங்களிலும் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது அடக்கமே.

இதற்கிடையே அவருக்குள்ளும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. ஞானஸ்நானம் பெற்ற எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே, தாம் கிறிஸ்தவ சமயத்தை அடைந்திருந்தும் கிறிஸ்துவை அடையவில்லை என்று உணர்ந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். சமயம் மாறுதலும் சீடராதலும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதற்கு, மதமாற்ற வரலாறு எழுதுவோர் கருத வேண்டிய நேர்ச்சான்று இது. ஞானஸ்நானப் பதிவேட்டின் தேதி அந்த வாழ்வைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது.

1896-97இன் பஞ்சத்தில் அந்த வாழ்வு புதிய வடிவம் பெற்றது. மத்திய மாகாணங்களுக்குச் சென்ற அவர், பசியில் வாடிய சிறுமியரையும் பெண்களையும் அழைத்துவந்து புனேவுக்கு அருகே கேட்காவில் குடியமர்த்தினார். அதுவே முக்தி மிஷன். 1900இன் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே இருந்தோர் தொகை ஆயிரத்தைக் கடந்தது. சாரதா சதனத்தின் உயர்சாதி வரம்பு மறைந்தது. நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, அச்சு வேலை ஆகியவற்றைப் பெண்களே செய்தனர். ஃபுல்ஹாமின் நினைவாகவோ எனும்படி, ஒதுக்கப்பட்ட பெண்களுக்கெனக் கிருபா சதனமும் எழுந்தது. பார்வையற்றோருக்கு மனோரமா பிரெய்ல் கற்பித்தார். 1897இல் புனேயின் பிளேக் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தை ரமாபாய் பத்திரிகைக்கு எழுதிக் கண்டித்தார். ஆட்சியாளரின் சமயமும் தம் சமயமும் ஒன்றாயிருந்தது அவர் வாயை அடைக்கவில்லை.

ஆயினும் முக்தியின் வரலாறு இக்கட்டான கேள்வி ஒன்றையும் எழுப்புகிறது. தம் மனச்சாட்சியின் உரிமைக்காகப் பேராயர்களோடு வாதிட்டவரின் இல்லத்தில், பசியிலிருந்து மீட்கப்பட்டு அவரையே அண்டி வாழ்ந்த சிறுமியர் கிறிஸ்தவராயினர். அவர்களுக்கு மறுக்கும் வாய்ப்பு எவ்வளவு இருந்தது? 1905இல் அங்கே பெருகிய எழுப்புதல் ஜெபங்களைச் சாட்சியாகக் காட்டுவோர் உண்டு; சார்ந்து வாழ்வோரின் பக்தியைச் சுதந்திரமான தெரிவாகக் கொள்ள இயலுமா என ஐயுறுவோரும் உண்டு. அச்சிறுமியரின் சொற்கள் பெரும்பாலும் பிறர் எழுதிய அறிக்கைகள் வழியாகவே கிடைக்கின்றன. உமா சக்கரவர்த்தி, மீரா கோசாம்பி, கௌரி விசுவநாதன் ஆகியோரின் ஆய்வுகள் ரமாபாயை வரலாற்றின் மறதியிலிருந்து மீட்டன; முக்திப் பெண்களுக்கு அத்தகைய மீட்பு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை.

இறுதி ஆண்டுகளில் ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். வழக்கிலிருந்த பெயர்ப்பு, கல்வி குறைந்த பெண்களுக்கு எட்டாத நடையில் இருந்ததாக அவர் கருதினார். அச்சுக் கோத்தவர்கள் முக்தியின் பெண்கள். 1921இல் மனோரமா மறைந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் மறைந்தார். சமஸ்கிருதப் புலமையால் புகழ்பெற்றவர் தம் கடைசி உழைப்பைச் சமையற்கட்டிலும் தறியிலும் இருந்த பெண்களின் மொழிக்குத் தந்தார். அவர்கள் அந்நூலைத் தாமே படித்துத் தாமே தீர்மானிக்கலாம். முக்தியின் மீது வரலாறு வைக்கும் கேள்விக்கு இது முழு விடை ஆகாது. வாண்டேஜில் தமக்கென அவர் கோரிய உரிமையைப் பிறர் கையிலும் கொடுக்க அவர் எடுத்த முயற்சியாக இதனைக் கொள்வது பொருந்தும்.