நிலத்தை வரைந்தவருக்குக் காணி இல்லை



சித்திரப் பாடத்துக்கென்று பிள்ளைகள் நீர்வர்ணப் பெட்டி கேட்பார்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு நாமும் மறந்துவிடுவோம். அந்த நீர்வர்ணத்தைச் சாகும்வரை கைவிடாத ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பெயர் அல்பர்ட் நமட்ஜிரா. அவுஸ்திரேலியப் பூர்வகுடிகளில் அரண்டா மக்களைச் சேர்ந்தவர். நாட்டின் நட்டநடுவே, அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே, ஹேர்மன்ஸ்பேர்க் என்ற கிறிஸ்தவ மிஷனில் 1902இல் பிறந்தார். இளம் வயதில் தச்சு வேலை, கொல்லன் வேலை, ஒட்டகம் ஓட்டுதல் என்று கிடைத்ததைச் செய்தார். அந்த வறண்ட பூமியில் ஒட்டகப் போக்குவரத்தை உருவாக்கியவர்கள், 1860கள் தொடக்கம் ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், பஞ்சாப் பக்கங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். அது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

1934இல் ரெக்ஸ் பட்டர்பீ என்ற ஓவியர் தன் படங்களை மிஷனில் காட்சிக்கு வைத்தார். தினமும் கண்ணால் காணும் மலைகளைக் கடதாசியில் கண்ட நமட்ஜிராவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. 1936இல் பட்டர்பீ மீண்டும் வந்தபோது வழிகாட்டியாகவும் ஒட்டகக்காரராகவும் கூடப் போனார். ஏறக்குறைய இரண்டு மாதங்கள். அப்போது வயது 34. அந்தப் பயணத்தில் பழகியதுதான் நீர்வர்ணம்.

நீர்வர்ணம் இலேசான கலை அல்ல. பிழைத்தால் மேலே பூசி மறைக்க முடியாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் கடதாசியின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். நமட்ஜிராவின் படங்களில் வெள்ளைப் பட்டை யூக்கலிப்டஸ் மரங்கள் ஒளிர்வது இப்படித்தான். பின்னால் ஊதா நிற மலைத்தொடர், கீழே செம்மண்.

1938இல் மெல்பேர்னில் நடந்த முதல் தனிக் கண்காட்சியில் 41 படங்களும் விற்றுத் தீர்ந்தன. 1954இல் எலிசபெத் மகாராணியைச் சந்தித்தார். ஏறக்குறைய 2000 படங்கள் வரைந்தார். வெள்ளைக்காரர் பாணியைப் பார்த்துப் பிரதி பண்ணுகிறார் என்று சில விமர்சகர்கள் எழுதினார்கள். ஆனால் அவர் வரைந்தது வெறும் இயற்கைக் காட்சி அல்ல. தகப்பன் வழியாலும் தாய் வழியாலும் தனக்கு உரித்தான பூமியை.

அந்தப் பூமியில் கால்நடை வளர்க்கக் குத்தகைக்குக் காணி கேட்டார். கிடைக்கவில்லை. அலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட ஒரு துண்டுக் காணி கேட்டார். அதற்கும் அனுமதி இல்லை. வருமான வரி மட்டும் அவரிடம் அறவிடப்பட்டது. நாடே கொண்டாடிய ஓவியர் நகருக்கு வெளியே ஒரு கொட்டிலில் வாழ்ந்தார்.

1957இல் அவருக்கும் மனைவிக்கும் மட்டும் முழுப் பிரஜாவுரிமை கிடைத்தது. பிள்ளைகளுக்கு இல்லை. உழைப்பையும் உணவையும் உறவுகளோடு பங்கிடுவது அவர்கள் வழமை. ஆனால் சட்டப்படி அவர் மது வாங்கலாம், சொந்தக்காரருக்குக் கொடுத்தால் குற்றம். 1958இல் அந்தக் குற்றச்சாட்டிலேயே தண்டிக்கப்பட்டார். ஆறு மாதத் தண்டனை மேன்முறையீட்டில் மூன்றாகக் குறைந்தது. இரண்டு மாதங்கள் பப்புன்யாவில் தடுத்து வைக்கப்பட்டார். வெளியே வந்தபோது மனம் உடைந்திருந்தது. 1959 ஓகஸ்ட் 8இல் காலமானார். வயது 57.

கதை அத்தோடு முடியவில்லை. 1983இல் அவரது படங்களின் பதிப்புரிமையை அரச அதிகாரி ஒருவர் குடும்பத்தைக் கேட்காமலே ஒரு நிறுவனத்துக்கு 8500 டொலருக்கு விற்றுவிட்டார். பேரப்பிள்ளைகள் நீண்ட காலம் போராடினார்கள். 2017இல் அந்த உரிமை ஒரு டொலருக்குக் குடும்பத்தின் அறக்கட்டளையிடம் திரும்பி வந்தது.

காணி என்றால் என்ன, பிரஜாவுரிமை என்றால் என்ன என்று நம் நாட்டவருக்கு விளக்கத் தேவையில்லை. ஒருவரின் திறமையைக் கைதட்டி மெச்சுவது எல்லோருக்கும் இலேசு. அவர் பக்கத்துக் காணியில் வீடு கட்ட வரும்போது என்ன சொல்கிறோம் என்பதில்தான் நம் மனது தெரியும்.

நமட்ஜிராவின் படங்களைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். காட்டும்போது, வரைந்தவருக்கு அந்த நிலத்தில் ஒரு துண்டும் சொந்தமாகக் கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.